வால் இழுத்த கோடு எங்கே?

சேற்றைப் பார்த்தாலே போதும், எது போனது, எப்போது போனது என்று செல்லியம்மாள் சொல்லிவிடுவாள். பழவேற்காடு ஏரியில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பஸ் ஏறிப் போய்க் கவரைப்பேட்டைச் சந்தையில் விற்கிறவள். நாரை நடந்தால் விரல் தடம் விழும்; உடும்பு போனால் இரு பக்கமும் கால் தடம், நடுவில் வால் இழுத்த கோடு. இதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. சினிமாக்காரன்தான் ஏமாற்றப் பார்த்தான்.

1966இல் கவரைப்பேட்டை டூரிங் டாக்கீசில் ஓர் இங்கிலீஷ் படம் போட்டார்கள். ஆதிகாலத்து ராட்சத மிருகம் ஒன்று, தென்னை உயரம், வாலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்தது. அடுத்த காட்சியில் துப்பாக்கிக்காரர்கள் அதைத் தேடி வந்தார்கள். சேற்றில் கால் தடம் மட்டும்தான் இருந்தது. செல்லியம்மாள் எழுந்தே விட்டாள்.

“யோவ், இம்மாம் பெரிய வாலை இழுத்துக்கினு போச்சே, கோடு எங்கய்யா? ஒண்ணு வாலு பொய், இல்ல தடம் பொய்!”

கொட்டகையே சிரித்தது. “வெள்ளக்காரன் படத்துல நீ இன்னா தப்புக் கண்டுபுடிக்கிறது? ஒக்காரும்மே!” என்றார் மேனேஜர் ராஜமாணிக்கம்.

அன்றிலிருந்து அவள் ‘வாலு செல்லி’. சந்தையில் கூடையை இறக்கினால் போதும், “கோடு எங்கே?” என்று எவனாவது கத்துவான். சினிமா என்றால் உயிரையே விடுகிறவள், எட்டு வருஷம் அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

1974இல் அதே படம் திரும்ப வந்தது. மழை விட்ட காலை. ராஜமாணிக்கம் மூங்கிலாலும் காகிதத்தாலும் அந்த மிருகத்தைச் செய்து, மாட்டு வண்டியில் ஏற்றி, மைக்கும் கையுமாகச் சந்தைக்குள் வந்தார். வால் பின்னால் தரையில் இழுபட்டது.

“வாலு செல்லி! உன் சொந்தக்காரன் வந்துகீறான், பாத்துக்கோ!”

செல்லியம்மாள் கூடையை வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனாள். ஈர மண்ணில் ரயிலடியிலிருந்து சந்தை வரைக்கும் நீளமாக ஒரு கோடு.

“பாருங்கய்யா! காயிதத்து வாலுக்கே இம்மாம் கோடு. நெஜ வாலுக்கு எவ்ளோ உழணும்?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பாறைகளை ஆராய வந்து அந்த ஊரில் தங்கியிருந்த அதிகாரி துளசிராமன் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

“அந்தம்மா கேக்கறது நியாயம். இந்த மிருகங்களோட தடம் கல்லாகிப் பல நாட்டுல கெடைச்சிருக்கு. வால் இழுத்த கோடு அபூர்வம். வாலைத் தூக்கிக்கிட்டுத்தான் நடந்திருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க இப்ப சொல்றாங்க. படத்துல தடம் சரி, வால்தான் பொய்.”

“எட்டு வருசமா நான் இன்னா கத்துனேன்!” செல்லியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “மேனேஜரு, அந்த வாலைத் தூக்கிக் கட்டுய்யா!”

ராஜமாணிக்கம் மைக்கை வைத்துவிட்டு, ஒரு கழியை முட்டுக்கொடுத்துத் தன் கையாலேயே வாலைத் தூக்கிக் கட்டினார். சந்தை முழுக்க விசில் பறந்தது.

கடைசி பஸ் போனால் போகட்டும் என்று அன்று சாயங்காலம் செல்லியம்மாள் டாக்கீசுக்குப் போய் முன்னால் உட்கார்ந்தாள். மிருகம் வாலை இழுத்துக்கொண்டு நடந்தது. துப்பாக்கிக்காரர்கள் தடத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

“கோடு எங்கே?” என்று கொட்டகையே கத்தியது, திரையைப் பார்த்து.