கியர் ஆயில் பார்த்த நாள்

என் கணவர் ரிக் லாரி ஓட்டியவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஒரு விபத்தில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினோம். எங்கள் எடப்பாடி வீட்டில் அதற்குப் பிறகுதான் அவர் சிரித்துப் பேசினார்.

போன வைகாசியில் எருமப்பட்டியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. காலையிலேயே கிளம்பினோம். திருச்செங்கோடு தாண்டி ஓர் ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது, வண்டி ஏறவில்லை. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். செயற்கைக் கால் உரசிப் புண்ணாகியிருந்ததால் அன்று அதை மாட்டவில்லை. ஊன்றுகோலோடு அந்தச் சரிவில் இறங்கவும் முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குச் சொன்னார்.

“பானெட்டத் தூக்கு புள்ள. கியர் ஆயில் குச்சி இருக்கும் பாரு. தொடச்சுட்டு மறுக்கா உட்டு எடு.”

எஞ்சின் ஆயில் குச்சியைத்தான் முதலில் உருவிக் காட்டினேன். அவர் கத்தினார். பிறகு மற்றதைக் கண்டுபிடித்தேன். எண்ணெய் மேல்கோடு வரைக்கும் நின்றது.

“நெறைய இருக்குதுங்க.”

“அப்பறம் என்ன கேடு? லாரின்னா சத்தத்த வெச்சே சொல்லீருவேன். இது ஒண்ணுமே தெரியமாட்டீங்குது.”

மெதுவாக ஓட்டிப் பார்த்தார். எப்படியோ ஊர்ந்து மேட்டைக் கடந்து சமதரைக்கு வந்ததும், எஞ்சின் ஓடியும் வண்டி நகராமல் நின்றுவிட்டது. நாமக்கல்லில் கார் பட்டறை வைத்திருக்கும் பழைய கூட்டாளியைப் போனில் கூப்பிட்டு விவரம் சொன்னார்.

“எஞ்சின ஆஃப் பண்ணிப் பாத்தா அப்படித்தான் மாப்ள நெறஞ்சிருக்கற மாதிரி காட்டும். சூட்டோட, சமதரையில, எஞ்சின் ஓடோணும். பிரேக்க மிதிச்சுக்கிட்டு எல்லா கியரும் போட்டுட்டு, கடைசியா பார்க் கியர்ல வெச்சுப் பாரு.”

அவர் அப்படியே செய்தார். ஓடுகிற எஞ்சினுக்குள் கைவிடப் பயமாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சியை உருவித் துடைத்தேன். திரும்ப விட்டு எடுத்தேன். நுனியில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கருகின வாடை அடித்தது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். போனில் கூட்டாளியிடம் சொன்னார்.

“எங்கியோ ஒழுகீருக்குது. இதோட ஓட்டாத மாப்ள, வண்டி அனுப்பறேன்” என்றார் கூட்டாளி.

காரை ஏற்றிப்போக வந்த லாரியில் இரண்டு பேர் இருந்தார்கள். “கார்ல யாரும் உக்காரக் கூடாதுங்கண்ணா, முன்னால ஏறிக்கோங்க” என்றார் ஓட்டுநர். கேபின் உயரமாக இருந்தது. இவர் கைப்பிடியைப் பற்றி ஒரு தடவை எம்பினார். வலது கால் படியில் வழுக்கியது. நான் இடுப்பைத் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கடைசியில் அந்த இரண்டு பேரும் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஊன்றுகோல்களை அணைத்துக்கொண்டு நான் தரையில் நின்றிருந்தேன்.

நானும் ஏறி லாரி கிளம்பியதும் தங்கை போனில் கூப்பிட்டாள். “மாமா எங்கீங்க வாராரு?”

போனை அவரிடம் நீட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே, “நீங்க காது குத்திருங்க சாமி, எங்களால வர முடியல” என்றேன்.

கியர்பாக்ஸைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாமான் கிடைக்கவில்லையாம். அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. விசேஷங்களுக்கு நான் மட்டும் பஸ்ஸில் போய் வருகிறேன்.