முப்பத்தெட்டு ‘இல்லன்னா’

“ஏடிடி நாப்பத்திமூணா இருந்தா, அம்பத்தஞ்சு டிகிரி. இல்லன்னா, கோ அம்பத்தொண்ணா இருந்தா, அம்பத்தெட்டு. இல்லன்னா…” பிரகதீஸ்வரி தான் எழுதிய நிரலை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வரியை ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் அதை இரண்டாக உடைத்துவிடுவார். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே குடம் தட்டுகிறார்கள், மேலே இவர் படிக்கிறார். நடுவில் நான்.

குத்தாலத்துப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் உலர்த்தும் டிரையருக்கு இவருடைய நிரல்தான் சூடு வைக்கிறது. ஏடிடி, கோ எல்லாம் நெல் ரகங்கள். நிரலில் முப்பத்தெட்டு கேள்விகள், வரிசையாக இஃப், எல்ஸ். மேலிருந்து கேட்டுக்கொண்டே வரும். எதற்கு ‘ஆமாம்’ கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், மிச்சத்தைக் கேட்காது. அதனால் அதிகம் வரும் நெல்லை மேலே வைப்பது அவர் கொள்கை. குறுவைக்கு ஒரு வரிசை, சம்பாவுக்கு ஒரு வரிசை என்று பட்டம் மாறும்போதெல்லாம் மாற்றி அடுக்குவார். “மிஷினா இருந்தா என்ன, அத எதுக்கு வெட்டியா கேக்க வைக்கணும்?” என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் போன் செய்தால் ‘ஹலோ’ கிடையாது. “பால் வாங்கியாச்சு. கேஸ் வரல. சாவி ஜன்னல்ல இருக்கு. இதுல இல்லன்னா கேளுங்க.” பெரும்பாலும் அவர் கேட்க ஒன்றும் இருக்காது, வைத்துவிடுவார். பதினாறு வருஷமாகக் குடும்பம் நன்றாகத்தான் நடக்கிறது.

பெங்களூரிலிருந்து திரும்பி வந்து எங்களோடு நிரல் எழுதும் வெங்கடகிருஷ்ணனுக்கு இந்த இஃப்-எல்ஸ் ஏணியைக் கண்டாலே ஆகாது. நெல்லின் பெயரை வைத்து ‘ஸ்விட்ச்’ என்ற கட்டளையைப் போட்டால் நேரே அந்த வரிக்கே போய்விடும், படிக்கவும் சுத்தமாக இருக்கும் என்று தினமும் மன்றாடுவான். ஒருநாள் நேரத்தை அளந்தே காட்டினான். “அக்கா, ஒரு நெல்லு தரையில விழறதுக்குள்ள ஒங்க ஏணிய ஆயிரம் தடவ ஏறி எறங்கலாம். நெல்லு காய எட்டு மணி நேரம். யாருக்கு மிச்சம் புடிக்கிறீங்க?” அவர் அவனுக்கும் சேர்த்து டீ சொன்னார். வரிசையை மட்டும் தொடவில்லை.

இந்தப் புரட்டாசியில்தான் வினை வந்தது. ‘விதைநெல்லா இருந்தா, நாப்பது’ என்பது அதுவரை முதல் கேள்வி. நூறு லோடுக்கு ஒன்றுகூட விதை வருவதில்லை என்று கணக்குப் பார்த்து, அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் எழுதுவதைச் சோதிக்கிற வேலை எனக்கு. முப்பத்தேழு கேள்வியைச் சோதித்தேன். பசித்தது. ‘சரி’ போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தவர் கடைசி வரியில் நின்றார். விதைநெல்லும் ஏதோ ஒரு ரகம்தானே? ரகத்தின் பெயரிலேயே ‘ஆமாம்’ சொல்லி நின்றிருக்கும், விதையா என்று கேட்கும் இடத்துக்கு வந்தே இருக்காது. அரிசிக்கான சூட்டில் விதை வெந்தால் முளைக்காது. மில்லில் டிரையர் ஓட்டும் ரெத்தினத்துக்குப் போன் போட்டார்.

“விதை ஏதாச்சும் உள்ள போயிருக்கா?”

“கண்ணாத்தாம்மாவோடது பன்னண்டு மூட்டை. ஒரு மணி நேரமாச்சு மேடம்.”

“நிறுத்துங்க.”

கண்ணாத்தாள் மூன்று ஏக்கர் சாகுபடி செய்து, அக்கம்பக்கத்துக்கும் விதை கொடுப்பவர். அடுத்த குறுவைக்கு அவரிடம் இருந்த விதை அந்தப் பன்னிரண்டு மூட்டைதான். பிரகதீஸ்வரி எதையும் மறைக்கவில்லை. அவரையே கூப்பிட்டுத் தப்பு தன்னுடையது என்றார். முளைக்கிறதா என்று பார்க்க அந்த மூட்டைகளிலிருந்து நூறு நெல்லை வரவழைத்து, ஈரத்துணியில் முடிந்து மேசைமேல் வைத்தார். ஐந்து நாள் அலுவலகத்தில் வேலை நடந்தது என்று சொன்னால் அது பொய். மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் வெங்கடகிருஷ்ணன் தெளித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் இருவரும் சமாதானமானார்கள். ரகத்தின் பெயரைப் பார்க்க ஸ்விட்ச் இருக்கட்டும் என்றார் அவர். “ஆனா விதையான்னு அதுக்குக் கேக்கத் தெரியாது. அத நான் மொதல்ல இஃப் போட்டுக் கேட்டுக்கறேன். லேட்டானா ஆவட்டும்.” நிரல் பாதியாகச் சுருங்கியது. அவன் ஒருமுறை உரக்கப் படித்தும் பார்த்தான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் கண்ணாத்தாள் பஸ் பிடித்து வந்துவிட்டார். யாரையும் தொட விடாமல், துணியைப் பிரித்துத் தானே எண்ணினார்.

“எம்பத்தொம்போது. போதும்மா, விதைக்கலாம். என் மருமவ ஊத்துற இட்லியே நூத்துக்கு இத்தன தேறாது.”

முளைவிட்டதை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் படி இறங்கிப் போனார். முளைக்காத பதினொன்றையும் பிரகதீஸ்வரி பொறுக்கி எடுத்தார். செல்லோடேப்பில் ஆறு நெல்லை வரிசையாக வைத்துத் தன் திரையின் மேல்விளிம்பில் ஒட்டினார். மிச்சம் ஐந்தைக் கொண்டுவந்து என் திரையில் ஒட்டிவிட்டுப் போனார்.