கடைசிப் படகு

வாலக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டுக் குறும்புக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒற்றை ஆள் உட்காரும் கயாக் படகுகளில் ஏறி வரிசையாகத் துடுப்புப் போட்டுப் போகும்போது முன்னால் போவது அவள் தம்பி, கடைசியில் போவது அவள். அவ்வளவுதான் விஷயம். தொழில் தம்பியுடையது. வழி காட்டுவதும் ஜோக் அடிப்பதும் கரை சேர்ந்ததும் பாராட்டு வாங்குவதும் அவன் பாடு. வாலுக்கு ஒரே வேலை, தனக்குப் பின்னால் யாரும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது.

கேட்க லேசாகத்தான் இருக்கும். யார் ரொம்ப மெதுவோ அவருடைய வேகம்தான் அன்றைக்கு அவள் வேகம். ஒரு துடுப்பு போட்டுவிட்டு நிற்க வேண்டும், இன்னொன்று போட்டுவிட்டு நிற்க வேண்டும். வேகமாகப் போய்க் களைத்தால் வெளியே சொல்லவாவது முடியும். மெதுவாகப் போய்க் களைத்ததை யாரிடம் போய்ச் சொல்ல?

அதிலும் பின்தங்கியவரிடம் “கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிடக் கூடாது. ரோஷம் வந்துவிடும். ரோஷத்தில் தண்ணீரைக் கண்டபடி குத்தி ஆளும் படகும் கவிழ்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதனால், “அதோ, நாணலுக்குள்ள ஒரு பறவை, தெரியுதா?” என்பாள். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தேடுவார். தேடி முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிடும். பறவை இருக்கவே இருக்காது. சிலர் வீட்டுக்குப் போய் அதன் நிறத்தைக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு மாதமாக அவளுக்கு இடது தோள் சொன்னபடி கேட்பதில்லை. தலை வாரக் கை மேலே போகாது. தலையைத்தான் சீப்பிடம் குனிந்து கொண்டுபோக வேண்டும். தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவன் கெட்டவன் இல்லை. தெரிந்த மறுநாளே கரையில் இருக்கிற ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவான். அங்கே லைஃப் ஜாக்கெட் அலசிக் காயப் போட வேண்டும், போன் எடுக்க வேண்டும், டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் கை நீட்ட வேண்டும். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவன், பகலில் தூங்குவான். இரண்டே அறை. பாத்திர மூடியைத் துணி வைத்துத்தான் எடுப்பாள், தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடுவாள். இந்த உலகத்தில் அவளை யாரும் எதுவும் கேட்காத இடம் அந்தக் கடைசிப் படகு ஒன்றுதான். அதை விட அவளுக்கு மனசில்லை.

அன்று பிற்பகல் கடைசியாகச் சிக்கியவர் ஒரு பேக்கரிக்காரர். நல்ல கனமான ஆள். போகும்போது முதுகுக் காற்று, சிரமமில்லை. இருந்தாலும் அவருக்கு இரண்டு பறவை காட்ட வேண்டியிருந்தது. ஏரி நடுவில் இருக்கும் இரட்டைத் திட்டைச் சுற்றித் திரும்பியதும் காற்று நேராக முகத்தில் அறைந்தது. மற்றவர்கள் தம்பியோடு போய்விட்டார்கள். வாலக்கா இடது கையைத் தூக்கினாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கமே போட்டாள். படகு இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது.

சற்று முன்னால் போயிருந்த பேக்கரிக்காரர் நின்றார்.

“அக்கா, இங்க பாருங்க, ஒரு பறவை.”

அவள் தத்தித் தத்தி வந்து சேர்ந்து, நாணலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றார்.

“மறுபடியும் பறவையா?”

“ஆமாக்கா. அதேதான் போல. நம்ம கூடவே வருது.”

அவர் நாணல் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சும் வாங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காது சுட்டது. அவள் வித்தையை அவளிடமே காட்டுகிறான் மனுஷன். கோபமாகத் துடுப்பை எடுக்கப் பார்த்தாள், தோள் விடவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் உட்கார முடிந்ததே பெரிசாக இருந்தது.

“எப்பத் தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“நீங்க காட்டின முதல் பறவைய உண்மையாவே தேடினேன். ரெண்டாவதுல புரிஞ்சுபோச்சு. தோள் விஷயம் இப்பதான். மாவு பிசைஞ்சு எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. கயிறு இருக்குல்ல, கட்டி இழுக்கட்டுமா?”

“வேணாங்க. தம்பி பாத்துருவான்.”

அவர் அவள் பக்கத்திலேயே, காற்று வரும் பக்கமாக, அவள் வேகத்துக்கே வந்தார்.

கரையில் எல்லோரும் இறங்கி, ஈரக் காலோடு காத்திருந்தார்கள். முகங்கள் கடுகடுவென்று இருந்தன. தம்பிக்கு அந்தக் கடுகடுப்பை ஜோக்கால் கழுவத் தெரியும்.

“யாரு சார் இன்னைக்கு நம்மள இவ்ளோ நேரம் காய வச்சது?” என்றான் உரக்க.

பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். “நான்தாங்க. உடம்பு அப்படி.”

கொல்லென்று சிரித்தார்கள். தம்பி, “அடுத்த தடவ உங்களுக்கு ரெண்டு படகு போட்டுரலாம் சார்” என்றான். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு கூடச் சிரித்தார்.

வாலக்காவுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் கடைசியில் வருகிறவரைப் பார்த்து ஒருத்தரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் பொய் சொல்லி வந்திருக்கிறாள். இன்றைக்கு அவளுக்காக ஒருத்தர் சிரிப்பு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

“அவர் இல்லடா. நான்தான் லேட்டு,” என்றாள். “கை தூக்க வரல. ரெண்டு மாசமாச்சு.”

சிரிப்பு நின்றது. தம்பி அவள் முகத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். படகை இழுத்துக் கரையேற்றினான். வழக்கம்போல மறுமுனையைத் தூக்க அவள் குனிந்தாள்.

“விடுக்கா,” என்றான். “நாளைலேர்ந்து பின்னால வேற ஆள் போட்டுக்கறேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு ஷெட்டுக்கு நடந்தாள். அழுகை வரப்போகிறது, யாரும் பார்ப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் நடந்தாள். கதவைச் சாத்தி, அடுக்கி வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டுகளின் மேல் சாய்ந்து, அழுகைக்காகக் காத்திருந்தாள். தூக்கம்தான் வந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவளுக்குக் கேட்கவே இல்லை.