போகி நாள் ஓவன்

இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உடனே இறுகிவிடும். அலுமினியம் அப்படியில்லை. முக்கி எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும். அப்புறம் ஓவனில் மிதமான சூட்டில் பகல் முழுக்க வைத்தால்தான் கஸ்டமர் கேட்ட ஹார்ட்னஸ் வரும். சீக்கிரம் எடுத்தாலும் போச்சு, மறந்து விட்டுவிட்டாலும் போச்சு, திரும்ப இளகிவிடும். அதனால் யாராவது கூடவே இருந்தாக வேண்டும்.

படப்பை ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டறையில் விசேஷ நாள் என்றால் அந்த யாராவது நான்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் என் தலையில். பாவம் என்பார்கள். எனக்கோ அது பெரிய நிம்மதி. மனைவி தவறிய பிறகு, பண்டிகை நாளில் பெருங்களத்தூர் ஃபிளாட்டில் பக்கத்து வீட்டுச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

இந்த வருஷம் போகியன்று, கூட வேலை செய்பவன் அதைக் கெடுத்தான்.

"அண்ணா, எங்க கிறிஸ்மஸுக்கு நீங்கதானே நின்னீங்க? பொங்கலுக்கு நான் நிக்கிறேன். நீங்க ஊருக்குப் போய்ட்டு வாங்க."

எந்த ஊருக்கு? முக்கி எடுத்த பாகங்களை அவன் ஓவனில் அடுக்க ஆரம்பித்துவிட்டான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே டிபன் பாக்ஸ் தவிர ஒன்றுமில்லை.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஊருக்குப் போகிற கூட்டம், கால் வைக்க இடமில்லை. பஸ் படியில் தொங்கிய கண்டக்டர் என்னைப் பார்த்து, "திருச்சியா, மதுரையா? சீக்கிரம் சொல்லு சார்!" என்றார். சொல்ல எனக்கு ஒரு பெயரும் இல்லை.

"ஏறலன்னா வழி வுடுப்பா," என்று கரும்புக்கட்டோடு ஒரு அம்மா பின்னாலிருந்து இடித்தார். அவமானமாக இருந்தது. ரோட்டைத் தாண்டிப் படப்பை பஸ்ஸைப் பிடித்தேன். அவனோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சாயங்காலம் சேர்ந்தே ஹார்ட்னஸ் பார்க்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"பஸ்ஸே கெடைக்கலப்பா," என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சுண்ணா! பசங்க வண்டலூர் ஜூவுக்குப் போவணும்னு காலைலேர்ந்து அழுதுகினு கீதுங்க. நீங்க பாத்துக்கிறீங்களா?"

"போப்பா, பாத்துக்கிறேன்."

அவன் பைக் சத்தம் கேட்டைத் தாண்டிப் போனது. சாயங்காலம் ஓவனைத் திறந்து, ஆறியதும் ஒரு பாகத்தை மெஷினில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கேட்ட ஹார்ட்னஸ் அப்படியே வந்திருந்தது.

அவன் ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.