எட்டாவது ஆள்

உப்பூர் ஆரம்பப் பள்ளி தவசி வாத்தியாருக்குப் பொய் என்றாலே ஆகாது. மாடு விற்கப் போன இடத்தில், "இது உதைக்கும்" என்று வாங்க வந்தவனிடம் தானே சொல்லி, மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்த மகராசன். அப்பேர்ப்பட்டவரை 1951-இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போட்டார்கள். கேட்கவா வேண்டும்!

முதல் வம்பு சொந்த வீட்டிலேயே வந்தது. பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து மனைவி உமையாளிடம் வயது கேட்டார். "முப்பத்திரெண்டு" என்றாள். முப்பத்தெட்டு என்று எழுதினார்.

"நான் சொல்றது ஒண்ணு, நீங்க எழுதுறது ஒண்ணா?"

"ஒன் ஜாதகம் என் பெட்டியிலதான இருக்கு."

உமையாள் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். வாத்தியார் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி கடைசி நாள், இருட்டிய பிறகு, வீடுவாசல் இல்லாதவர்களை எண்ண வேண்டும். அன்றிரவு யார் எங்கே படுக்கிறார்களோ அங்கேதான் அவர்கள் கணக்கு. கோயில் சத்திரத்துப் படியில் ஏழு பேர் படுத்திருந்தார்கள். ஏழாவது ஆள் ராக்கப்பன், உப்பளத்துக் கூலி.

"வயசு?"

"யாருக்குத் தெரியும்? நாப்பதுன்னு போடுங்கய்யா, நல்லாருக்கு."

மறுபேச்சில்லாமல் நாற்பது போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினார், இருமினார், கெஞ்சினார். பலிக்கவில்லை. சத்திரத்துப் படிக்கே திரும்பி ராக்கப்பன் பக்கத்தில் துண்டை விரித்தார்.

"வாத்தியாரய்யா, இங்கன படுத்தா நீங்களும் எங்க கணக்குத்தான?"

சட்டம் சட்டம்தானே. எட்டாவது வரியில் எழுதினார்: தவசி, ஆசிரியர், வீடு இல்லை. எழுதும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுத் தாளில் தன் பெயரை அடித்து, குடும்பத் தலைவராக உமையாளைப் போட்டார்.

நடந்ததையெல்லாம் கேட்ட ராக்கப்பன் சொன்னான்: "நான் சொன்னத அப்படியே எழுதுனீக. வீட்டுக்காரம்மா சொன்னதுக்கு மட்டும் ஏன்யா ஜாதகம் பாத்தீக?"

 வாத்தியாருக்கு விடியும்வரை தூக்கம் இல்லை.

காலையில் சரிபார்க்கிற சுற்று. முதல் வீடு அவருடையதுதான். கதவைத் தட்டினார்.

"யாரு?"

"ஜனத்தொகைக் கணக்கு. குடும்பத் தலைவர் யாருங்க?"

உள்ளே வளையல் சத்தம் கதவருகே வந்து நின்றது. "நாந்தேன்."

"வீட்டுக்காரர்?"

"ராத்திரி வீட்ல இல்ல."

"தலைவருக்கு வயசு?"

"முப்பத்திரெண்டு."

"முப்பத்தி...ரெண்டு" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு எழுதினார்.

தாழ்ப்பாள் விலகியது.

எட்டாவது வரியை அடித்துத் தொலைக்கச் சொல்லி உமையாள் எவ்வளவோ மன்றாடினாள். அங்கே படுத்தது உண்மைதானே, அவர் அடிக்கவில்லை. அடுத்த பத்து வருஷம் சர்க்கார் கணக்கில் வாத்தியார் வீடில்லாதவர்தான்.

உப்பளத்துக்குப் போகிற வழியில் ராக்கப்பன் வாசலில் நின்று, "எட்டாம் நம்பரய்யா, சாப்பிட்டீகளா?" என்பான்.

"நீ சாப்பிட்டியாலே, ஏழு?" என்பார் வாத்தியார்.

அவன் பதில் சொல்வதற்குள் உமையாள் இன்னொரு தட்டு வைத்திருப்பாள்.