அண்ணனின் கிரீன் டீ பிளாஸ்க்

நாயுடுபுரத்தில் எங்கள் டீத்தூள் கடையைப் போட்டது அண்ணன்தான். டூரிஸ்ட் யார் வந்தாலும், "கிரீன் டீ குடிங்க சார், புத்துநோய் கிட்டயே வராது" என்பார். அவருக்கே எலும்பு மஜ்ஜையில் வந்தது. அப்போதும் வாய் அடங்கவில்லை.

வாரம் ஒருநாள் வெள்ளனே பஸ் ஏறி மதுரைக்கு ஊசி போடப் போவோம். மலை வளைவுகளில் அவர் தோள் என்மேல் வந்து இடிக்கும். அந்த இடியை என் உடம்பு இன்னும் தேடுகிறது.

ஊசி என்ன செய்கிறது என்று டாக்டரிடம் மல்லுக்கட்டித்தான் தெரிந்துகொண்டேன். செல்லுக்குள் வேண்டாத புரதத்தை நறுக்கும் குட்டிப் பீப்பாய்கள் இருக்கின்றனவாம். வளையங்கள் அடுக்கி இரண்டு அரைப் பீப்பாய்களாகி, பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டுமாம். ஒட்டும்வரை பிடித்துக்கொள்ள ஒரு துணைப் புரதம். பீப்பாய் முழுதானதும் முதலில் நறுக்குப்படுவது அந்தத் துணைதான். இந்தப் புற்றுச் செல் புரதத்தை அளவில்லாமல் உண்டாக்கித் தள்ளும். ஊசி பீப்பாயை அடைத்தால், குப்பை சேர்ந்து செல் சாகும்.

பஸ்ஸில் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார்.

"ஏலே, கூட நின்னு கட்டிக் குடுத்தவனையே மொதல்ல திங்குதா? பாத்துக்க, நீதான் என்னயத் தாங்கிப் பிடிச்சுட்டு வார."

ஆனால் ஊசி கேட்கவில்லை. நோய் குறையவே இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் அண்ணன் தன் பிளாஸ்க்கைத் திறந்து நர்ஸுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

"என்ன டீங்கய்யா இது?"

"கிரீன் டீம்மா. ஊசி அன்னைக்குக் கூடவே குடிப்பேன். மருந்து நல்லாப் பிடிக்கும்ல."

அந்தப் பெண் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் இந்த மருந்தையே கட்டிப்போட்டுவிடலாம், பீப்பாய் அடைபடாது என்றார் அவர்.

"மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானங்க?" என்று கத்தினேன். என்ன குடிக்கிறீர்கள் என்று ஒருவர்கூட எங்களைக் கேட்டதில்லை. எத்தனை ஊசி வீணானதோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அண்ணன் பிளாஸ்க்கைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். அதன்பின் வத்தலக்குண்டில் பஸ் நின்றால் பால் டீதான், சர்க்கரை தூக்கலாக. நோய் இறங்கியது. சில குளிர்காலங்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கல்லாவில் உட்கார்ந்தார். டூரிஸ்ட்டிடம் பேச்சு மட்டும் மாறிவிட்டது: "வீட்ல யாருக்கும் புத்துநோய் ஊசி போகுதா? அப்ப டாக்டரக் கேட்டுட்டு வாங்க."

நோய் திரும்பியபோது வேறு மருந்துகளும் பார்த்தோம். பலிக்கவில்லை.

இப்போது கல்லாவில் நான். அதே கேள்வியைக் கேட்கிறேன், அவரைப்போல இனிக்க இனிக்க வராது. முகம் சுளித்துப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.