நான் சொல்லாத ஊசி

மாரண்டஹள்ளியில் ஒரு பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் அக்கா வாயைத் திறந்தபடி படுத்திருந்தது இன்றும் கண்முன் நிற்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "வேற ஏதாவது வைத்தியம் பாக்கறீங்களாங்க?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சக்கரை மாத்திரை மட்டுந்தாங்க."

அது பொய். அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருந்தது. சேலத்தில் மாதம் ஒருமுறை எலும்புக்கென்று ஓர் ஊசி போட்டார்கள். "எங்களக் கேக்காமப் பல்லு மட்டும் புடுங்கிறாதீங்கம்மா, இந்த ஊசி போட்டா தாடைப் புண்ணு ஆறாது" என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னபோது கூடவே நின்று தலையாட்டியவள் நான். ஆனால் பல் டாக்டருக்குப் பக்கத்தில் தட்டோடு நின்ற நர்ஸ், என் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் சித்தி மகள். பெரியம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். ஒரு பல்லால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல் எடுத்த குழி ஆறவே இல்லை. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கிருமி சேர்ந்து தாடை வீங்கி, அதன் அடியில் ஓட்டை விழுந்து சீழ் வடியத் தொடங்கியது. கல்யாண மண்டபத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்றம் அவளுக்கே தெரிந்திருந்தது. போட்டோவுக்குக் கூப்பிட்டபோது, நீங்கள் எடுங்கள் என்று கையசைத்தாள். நான் மறுமுறை கூப்பிடவில்லை.

சேலத்து மருத்துவர் கோபப்பட்டார். "பல்லு எடுக்கறப்ப ஊசியப் பத்திச் சொல்லலையா?" நான் தரையைப் பார்த்தேன். "நாந்தாங்க மறந்துட்டேன்" என்றாள் அக்கா. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். களியும் கறிக்குழம்பும் என்றால் இரண்டு உருண்டை கூடக் கேட்பவள், அதன்பின் கூழைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டுதான் நாளை ஓட்டினாள்.

ஒருநாள் புண்ணைத் துடைத்துவிடும்போது கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னப்ப நீ ஏங்க்கா பேசாம இருந்த?"

"அந்த நர்சுப் புள்ள முன்னாடி உன்னையப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?" என்றாள். "ஒத்தப் பல்லுதானேன்னு நானும் நெனச்சுட்டேன். வுடு."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு முகமில்லை. போன வருடம் நோய் ஈரலுக்கும் பரவி அக்கா போய்விட்டாள். தாடையால் அவள் சாகவில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அவளுடைய கடைசி இரண்டு வருடச் சாப்பாட்டை அவள் வாயிலிருந்து பறித்தவள் நான்தான்.

சென்ற மாதம் கைக்குழந்தையோடு வந்திருந்த மகள், "பெரீம்மாவுக்கு அந்தத் தாடைப் புண்ணு எப்பிடிம்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பல்லு புடுங்குனதுல வந்துச்சு" என்றேன்.

அது பொய்யில்லை. மீதியைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.